குறுக்குக் குழாய்

கிஷினாவ், 12 அக்டோபர் 2003

ஜினா,

போனில் நீ கத்தினாய், நானும் கத்தினேன். கடைசியில் கார்டு தீர்ந்ததா, நீயே வைத்துவிட்டாயா என்று தெரியவில்லை. நமக்குப் போன் ஒத்துவராது. இனி எழுதிவிடுகிறேன். ஞாயிறுதோறும் இத்தாலிக்கு வேன் போகிறது, டிரைவரிடம் ஒரு பை வாதுமைக்கொட்டையோடு இதையும் கொடுத்திருக்கிறேன்.

‘நான் இங்க ஒரு கிழவிக்குக் கால் கழுவுறேன், நீ அங்க ஒயின் ஜாடியைக் கழுவுறே’ என்று சொன்னாயே, அது பொய். நேற்று முன்தினம் கூடத்துச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டேன். ஒட்டுக்காகிதம் ஒன்றின்மேல் ஒன்றாக அத்தனை அடுக்கு. அடியில் சிமெண்ட் பூச்சு விரல் பட்டால் மாவாகக் கொட்டுகிறது. ஆள் வைக்கப்போவதில்லை. எல்லாம் என் கையாலேயே செய்யப்போகிறேன். டிராலிபஸ் மோட்டாரையே பிரித்துப் போட்டவனுக்கு ஒரு சுவர் பெரிதா?

மேல்வீட்டு நனாஷ் ப்ரோஃபிர் சும்மா இருப்பாரா? நம் கல்யாணத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நம்மைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்ட உரிமையில் தினமும் வந்து யோசனை சொல்கிறார். "டேய் அனாதோல், சுவத்தை இடிக்கிறியா, கட்டடத்தையே இடிக்கிறியா? மேல எங்க டம்ளரெல்லாம் ஆடுதுடா!" அவரும் இந்தக் கோடையில் தன் வீட்டு ரேடியேட்டரைத் தானே மாற்றினார். ஆள் கூப்பிடச் சொல்லி அவர் மனைவி நனாஷா எவ்தோக்கியா தலைதலையாக அடித்துக்கொண்டார். "எனக்குக் கை இல்லையா?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் ஸ்பேனரோடு மல்லுக்கட்டினார்.

கூடம் எப்படி இருக்கவேண்டும் என்று எழுது. ஈஸ்டருக்குள் உன் தங்கும் அனுமதிக் காகிதங்கள் வந்துவிடும், ஊருக்கு வந்துபோகலாம் என்றாய். நீ வந்து கதவைத் திறக்கும்போது முடிந்திருக்கும்.

அனாதோல்

*

பிரெஷ்ஷா, இத்தாலி, 26 அக்டோபர்

அனாதோல்,

நான்தான் வைத்தேன். கார்டில் இன்னும் நேரம் இருந்தது. வைத்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். பாட்டியம்மா ஒத்தாவியா கதவைத் தட்டி "உடம்பு சரியில்லையா பொண்ணே?" என்று கேட்கிறாள். சம்பளத்துக்கு வந்தவளிடம் அவளுக்கு இருக்கும் கரிசனம், உனக்கு நான் காட்டியது இல்லையே என்று இன்னும் அழுகை வந்தது. ஒயின் ஜாடி பற்றிச் சொன்னதை மறந்துவிடு.

கூடம் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டாய். இந்த வீட்டுச் சுவர் உரித்த முட்டை மாதிரி இருக்கிறது. ஒரு குழாய், ஒரு கம்பி வெளியே தெரியாது. நம் கூடத்தில் ஜன்னலடியில் அந்த ரேடியேட்டர், அதன் பக்கத்தில் கீழ்வீட்டிலிருந்து மேல்வீட்டுக்கு வெந்நீர் ஏறும் குழாய், இரண்டுக்கும் நடுவில் முழங்கை மாதிரி நீட்டிக்கொண்டு இன்னொன்று. எத்தனை வருஷம் அதில் தூசி துடைத்திருக்கிறேன், எத்தனை தடவை பெயிண்ட் அடித்திருக்கிறேன்! அதை மட்டும் என் கண்ணில் காட்டாதே. வெட்டு, மூடு, என்னவோ செய். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நனாஷாவுக்கு இந்தக் காபி. உனக்குக் கையுறை. அதைப் போட்டுக்கொண்டு வேலை செய், அலமாரியில் பத்திரப்படுத்தாதே.

ஜினா

*

கிஷினாவ், 23 நவம்பர்

ஜினா,

முட்டை கேட்டாயா? முட்டை போட்டாயிற்று!

சுவர் முழுக்க ஜிப்சம் பலகை அடித்து, பட்டி பார்த்து, இரண்டு கோட் வெள்ளை அடித்தாயிற்று. குழாய்கள் பலகைக்குப் பின்னால் போய்விட்டன. பழைய இரும்புக் குழாயை அறுத்து எறிந்துவிட்டு மெல்லிசாகப் புது பிளாஸ்டிக் குழாய் போட்டேன். அந்த முழங்கைக் குறுக்குக் குழாயை எடுத்தே போட்டுவிட்டேன். அது எதற்கு இருந்தது என்று அதை வைத்தவனுக்கே தெரிந்திருக்காது. ரேடியேட்டரும் புதுசு, பழையதைப் போல இரண்டு மடங்கு. வெளியே தெரிவது ஒரு சின்னத் திருகு மட்டும். சூடு அதிகமானால் திருகிக் குறைக்கலாம், உன் இத்தாலியில் இருப்பது மாதிரி.

போன வாரம் குளிர்காலத்துக்காகக் கட்டடக் குழாய்களில் வெந்நீர் விட்டார்கள். அடேயப்பா! பனியனோடு உட்கார்ந்து, ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். திருகைப் பாதிக்குக் குறைத்தும் வேர்க்கிறது.

மேலேதான் பாவம். நனாஷ் வீட்டு ரேடியேட்டர் ஐஸ் கட்டி. அவருக்கு மேலே இருக்கிற வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, ஒரு குடும்பம் போர்ச்சுகலில், இன்னொன்று மாஸ்கோவில். அதனால் கூரையிலிருந்தும் குளிர் இறங்குகிறது. நனாஷா உள்ளே கோட்டைப் போட்டுக்கொண்டு சமைக்கிறார். "முப்பது வருஷம் சூடா இருந்துச்சு. நீங்க கை வச்சீங்க, செத்துப்போச்சு" என்று காலையில் ஆரம்பிப்பது சாயங்காலம் வரை ஓடுகிறது. மாற்றும்போது ஏதோ அடைத்துக்கொண்டது என்று நனாஷும் நம்புகிறார். நேற்று ரேடியேட்டரைக் கழற்றினார், நான் ஒரு முனை அவர் ஒரு முனையாகத் தூக்கி முற்றத்துக்கு இறக்கினோம். ரப்பர் குழாய் வைத்து அலசினோம். மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்னடா பண்ணுவேன்?" என்றார். மேலே ஏற்றி மாட்டியும் பழைய கதைதான்.

பாதி அவசரத்தில் செய்தால் அப்படித்தான். நான் நிதானமாகச் செய்தேன், பார்.

உன் அனாதோல்

*

பிரெஷ்ஷா, 7 டிசம்பர்

அனாதோல்,

உன் கடிதத்தைப் பாட்டியம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "உன் புருஷனை இங்கே அனுப்பு, என் சமையலறை ஒழுகுகிறது" என்கிறாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சும்மா சொல்லவில்லை.

ஆனால் நனாஷாவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவருக்கு நெஞ்சுச் சளி உண்டு, உனக்குத் தெரியும். ஒரு ஸ்வெட்டரும் கம்பளிக் காலுறையும் அனுப்பியிருக்கிறேன். நம் கூடத்துக்கு வந்து உட்காரச் சொல். அவருக்கு ரோஷம், வரமாட்டார். கோழி ரசம் வைத்திருக்கிறேன், உப்புப் பாருங்கள் என்று ஏதாவது சொல்லிக் கூப்பிடு.

நனாஷின் கைவேலையைப் பற்றி நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். சிரித்தது தப்பு. நம் கல்யாணத்தன்று மேஜைக்கால் உடைந்தபோது அந்தக் கைதான் கட்டி நிறுத்தியது.

ஜினா

*

கிஷினாவ், 11 ஜனவரி 2004

ஜினா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டேன்.

நனாஷா போய்விட்டார். புது வருஷம் முடிந்த கையோடு ஒரு பையை எடுத்துக்கொண்டு ஓர்ஹெய்யில் தங்கை வீட்டுக்கு. மாடிப்படியில் நின்று சண்டை. முழுக் கட்டடமும் கேட்டது. "உங்க கையை வெட்டிப் போடணும்! ஆள் கூப்பிடுங்கன்னேனா இல்லையா? என்னைக் குளிர்ல சாகடிக்கவா பார்க்குறீங்க?" நனாஷ் பையை பஸ் நிறுத்தம் வரை தூக்கிப் போனார்.

நனாஷா போனபின் நனாஷ் மறுபடி ரேடியேட்டரைக் கழற்றி அலசினார். பிரயோசனமில்லை. ஏழாம் தேதி, நம் கிறிஸ்துமஸ் அன்று, கீழே வந்து உட்கார்ந்தார். "விசித்திரம்டா. நேத்து சாயங்காலம் திடீர்னு சூடு வந்துச்சு. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுன்னு இருந்துச்சு. அவளைக் கூப்பிடலாம்னு கோட்டை மாட்டினேன், அதுக்குள்ள போயிடுச்சு."

முந்தின நாள் சாயங்காலம் அதே நேரத்தில்தான் மிச்சப் பெயிண்ட் வாசனை போக ஜன்னலை அகலத் திறந்தேன், குளிர்ந்ததென்று திருகை முழுக்கத் திறந்தேன், பிறகு பாதிக்குக் குறைத்தேன்.

நனாஷ் போனதும் திருகைத் திறந்துவிட்டு, அரைமணி கழித்து உப்பு கேட்கிற சாக்கில் மேலே போய் ரேடியேட்டரில் கை வைத்தேன். வெதுவெதுப்பு. கீழே வந்து மூடிவிட்டு மறுபடி அரைமணி பொறுத்தேன். மறுபடி போய் மிளகு கேட்டேன். சில்லென்று இருந்தது.

அந்தக் குறுக்குக் குழாய் எதற்கு என்று இப்போது தெரிகிறது. கீழிருந்து வரும் தண்ணீரில் கொஞ்சம் நம் ரேடியேட்டருக்குள் போகும், மீதி அந்தக் குறுக்கு வழியாக நேரே மேலே ஏறும். நான் அதை எடுத்துவிட்டேன். இப்போது எல்லாத் தண்ணீரும் நம் வீட்டுக்குள் நுழைந்து, சூட்டையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையாக மேலே போகிறது. அதையும் நான் திருகிப் பாதியாக்கிவிட்டேன். நனாஷ் மேல் ஒரு தப்பும் இல்லை.

சொல்லவில்லை ஜினா. மிளகை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். திருகை முழுக்கத் திறந்தே வைத்திருக்கிறேன், வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. சுவரை உடைத்தால்தான் குழாயைத் திருப்பி வைக்க முடியும். உடைத்தால் நீ வரும்போது எதைக் காட்டுவேன்? இந்த ஒரு சுவர்தானே உனக்காக நான் உருப்படியாகச் செய்தது?

நேற்று அவர் மூன்றாவது தடவை ரேடியேட்டரைக் கழற்றினார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். தெரிந்தே பிடித்தேன்.

அனாதோல்

*

பிரெஷ்ஷா, 25 ஜனவரி

அனாதோல்,

வெட்கமாக இல்லையா உனக்கு? தெரிந்தே முனையைப் பிடித்தாயாம்! அறுபத்தைந்து வயது மனிதர் இரும்பைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிறார், நீ கூடவே இறங்குகிறாய், வாயைத் திறக்கவில்லை. எனக்கு உன்னை அடிக்கவேண்டும் போல இருக்கிறது.

அடித்தாலும் பாதி அடி எனக்குத்தான் விழவேண்டும். ‘அதை மட்டும் என் கண்ணில் காட்டாதே’ என்று எழுதியது யார்? நான் இங்கே சூடான வீட்டில் முட்டைச் சுவரைப் பார்த்து ஆசைப்பட்டேன். அந்த ஆசை நனாஷாவை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறது. காலையில் பாட்டியம்மா அறையில் ரேடியேட்டரைத் தொட்டால் கையைச் சுடுகிறது, உடனே கையை எடுத்துவிடுகிறேன்.

நம்மைச் சேர்த்து வைத்த இரண்டு பேரை நாம் பிரித்து வைத்திருக்கிறோம். புரிகிறதா?

சுவரை உடை. பட்டி, பெயிண்ட், எல்லாம் நாசமாகப் போகட்டும். ஓட்டைச் சுவரைப் பார்த்து நான் உன்னை ஏதும் சொன்னால் என்னை நாய் என்று கூப்பிடு. உடைத்துவிட்டு நேரே மேலே போய்ச் சொல். முதலில் சொல், பிறகு உடை என்றாலும் சரி. ஆனால் சொல்.

ஜினா

*

கிஷினாவ், 29 பிப்ரவரி

ஜினா,

உடைத்துவிட்டேன். சூடு வந்துவிட்டது. ஆனால் நிலைமை முன்னைவிட மோசம்.

நனாஷ் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, நிலவறையில் தண்ணீரை நிறுத்த குழாய்க்காரரை ஒரு ஜாடி ஒயினுக்கு அழைத்து வந்தேன். பலகையைப் பிய்த்ததும் அவர் விசிலடித்தார். "எந்தப் புத்திசாலி இதை எடுத்தான்?" என்றார். முன்பு குடியிருந்த ஆள் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். இரும்புக் குழாயும் குறுக்குக் குழாயும் திரும்ப வைத்தாயிற்று. சாயங்காலத்துக்குள் மேலே தரையில் தொம் தொம் என்று சத்தம். நனாஷ் ஆடிக்கொண்டிருந்தார்!

ஓடிவந்து வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு மேலே இழுத்துப் போனார். "வந்துடுச்சுடா! மூணாவது அலசல்ல அடைப்பு எடுத்துக்கிச்சு! என் கையும் உன் கையும் சேர்ந்தா ஆகாததா?" ஒயின் ஊற்றினார், குடித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். இவ்வளவு சந்தோஷத்தை எப்படிக் கெடுப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கே ஓர்ஹெய்க்குப் போன் போட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன். நனாஷாவின் குரல் எனக்கே கேட்டது. "அப்போ அடைப்பு உங்க ரேடியேட்டர்லதானே இருந்துச்சு? மாட்டினதும் நீங்க, அடைச்சதும் நீங்க. நான் சொன்னது சரியாப் போச்சா? வரமாட்டேன். அடுத்த குளிருக்கு இன்னொண்ணைக் கழட்டுவீங்க."

ரிசீவரை வைத்துவிட்டு மனிதர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ சொல்றது நியாயம்டா. நான்தான் அவளைக் குளிர்ல போட்டேன். நெஞ்சுச் சளிக்காரி. எனக்கு வீம்பு." அழுதார் ஜினா. அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் திருட்டுத்தனமாகச் சரிசெய்யாமல் இருந்திருந்தால்கூட அவருக்குச் சந்தேகத்தின் பலன் கிடைத்திருக்கும். சரிசெய்து குற்றத்தை அவர் தலையில் முத்திரை குத்திவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன ஞாயிறு ஈஸ்டர் நோன்புக்கு முந்தின நாள், ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற நாள் அல்லவா? வழக்கம்போல ரொட்டியும் ஒயினும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். குனிந்து, "இந்த வருஷம் நான் செஞ்ச தப்பையெல்லாம் மன்னிச்சிடுங்க, நனாஷ்" என்றேன். ஒவ்வொரு வருஷமும் சொல்கிற அதே வார்த்தை. அவரும் எப்போதும் போல, "ஆண்டவர் மன்னிப்பார், நானும் மன்னிச்சேன். நீயும் என்னை மன்னிச்சிடுடா" என்று நெற்றியில் முத்தம் வைத்தார். படி இறங்கும்போது லேசாக இருந்தது. அப்பாடா, கேட்டாயிற்று, கிடைத்தாயிற்று என்று. நம் கதவைத் திறப்பதற்குள் என்மேலேயே அருவருப்பு வந்துவிட்டது.

அனாதோல்

*

பிரெஷ்ஷா, 7 மார்ச்

அனாதோல்,

சுருக்கமாக எழுதுகிறேன், டிரைவர் வாசலில் நிற்கிறார்.

நீ வாங்கியது மன்னிப்பு இல்லை, திருட்டு. எதற்கென்று சொல்லாமல் அந்த நாளின் மறைவில் ஜேப்படி அடித்திருக்கிறாய்.

ஓர்ஹெய்க்குப் போ. முதலில் நனாஷாவிடம் சொல். அவர்தான் புருஷனைக் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த கடிதத்தில் இதைச் செய்தேன் என்று இல்லாவிட்டால் ஈஸ்டருக்கு நான் வரவில்லை. மிரட்டல் இல்லை இது. அந்தப் படியில் ஏறி அவர்கள் கதவைக் கடந்து வர எனக்குக் கால் வராது.

ஜினா

*

கிஷினாவ், 21 மார்ச்

ஜினா,

போனேன்.

தங்கை வீட்டுச் சமையலறையில் நனாஷா மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். "என்னடா இவ்வளவு தூரம்? அவர் அனுப்பினாரா?" "இல்லை நனாஷா. நானா வந்தேன்." உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. தங்கை இருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குறுக்குக் குழாய், திருகு, பனியன், திருட்டு ரிப்பேர், எல்லாம். நானே ஆசைப்பட்டு எடுத்தேன் என்றேன்.

உருட்டுக்கட்டை கையிலேயே நின்றுவிட்டது. "எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து."

"அப்போ அவர் ரேடியேட்டரைத் தூக்கிட்டு இறங்கினப்போ?"

"மொதல் ரெண்டு தடவை தெரியாது. மூணாவது தடவை தெரியும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, "நான் அவரோட கையை வெட்டச் சொன்னேன். முழுக் கட்டடமும் கேக்கச் சொன்னேன்" என்று மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தங்கையிடம் மாவை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டினார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

நனாஷ் கதவைத் திறந்தார், சவரம் செய்யாத முகம். நனாஷா பையைக் கீழே வைத்தார். அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இந்தக் கை ஒரு தப்பும் பண்ணலை. நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். இவன் சொல்லுவான், கேளுங்க."

சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவர் கடைசிவரை கேட்டார். முகத்தில் கோபம்கூட வரவில்லை, யாரோ புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அந்த ஞாயித்துக்கிழமை மன்னிப்பு கேட்டியே?"

"ஆமா, நனாஷ்."

"எதுக்குன்னு கேக்காமக் குடுத்துட்டேன். அதைத் திருப்பிக் குடு."

எப்படித் திருப்பிக் கொடுப்பது? "குடுத்துட்டேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தவில்லை. உள்ளே நனாஷா அடுப்பங்கரை கிடந்த கோலத்துக்காக அவரைத் திட்ட ஆரம்பித்தது கேட்டது. அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் படியில் நின்றுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அதிலிருந்து எதிரில் வந்தால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். நனாஷா மட்டும் தலையசைக்கிறார். மேலே ரேடியேட்டர் நன்றாகக் காய்கிறது, அது தெரியும். இங்கே ஜன்னலடியில் சுவர் கிழிந்து கிடக்கிறது. நீ வந்து பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் வா.

அனாதோல்

*

பிரெஷ்ஷா, 28 மார்ச்

அனாதோல்,

உன் கடிதத்தைத் துணி காயப்போடும் இடத்தில் நின்று படித்தேன், பாட்டியம்மா பார்க்கக்கூடாது என்று. பிறகு அவளிடமே படித்துக் காட்டினேன். அவள் என் முதுகைத் தடவினாள்.

ஒன்று கேட்கிறேன். "நானே ஆசைப்பட்டு எடுத்தேன்" என்று ஏன் சொன்னாய்? ஆசைப்பட்டது நான். என் பெயரை ஏன் விட்டாய்? எனக்கு அந்தப் படியில் ஏறக் கால் வரவேண்டும் என்றுதானே? உனக்கு நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் அதட்டல். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதைப் போனில் உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, எழுதுகிறேன்: நான் உன்னைக் குறைவாக நினைத்துவிட்டேன்.

சுவரை மூடாதே. பெயிண்ட் வாங்காதே.

காகிதங்கள் வந்துவிட்டன. ஈஸ்டருக்கு முந்தின நாள் காலையில் வேன் கிஷினாவ் சேரும். நீ நிறுத்தத்துக்கு வரவேண்டாம். நம் வீட்டுக்கு முதலில் வரமாட்டேன். பெட்டியோடு நேரே மேலே ஏறி நனாஷ் கதவைத் தட்டுவேன். குழாயை எடுக்கச் சொன்னது நான் என்று சொல்வேன், எதற்கு மன்னிக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்பேன்.

நீ நம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்துக்கொள். உள்ளே விட்டார்கள் என்றால் உன்னையும் கூப்பிடுவேன். விடவில்லை என்றால் பெட்டி மேலேயே உட்கார்ந்திருப்பேன், நீயும் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்.

ஜினா